மகரகமவிலிருந்து மகன் வீடு திரும்புகிறான்: மூத்தவளுக்கு என்ன சொல்வது, அண்ணருக்கு என்ன சொல்வது?

குளக்கட்டான் எழுதியது:

இங்கே எழுதுபவர்களில் பலர் வன்னியைச் சேர்ந்தவர்கள் என்பதால் கேட்கிறேன். நான் ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்பவன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஐந்தாம் தரத்தில் படிக்கிறாள். அடுத்த மாதம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதவுள்ளாள். இளையவனுக்கு ஐந்து வயது.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு அவனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வரத் தொடங்கியது. கால் நோகிறது என்று இரவில் எழும்பி அழுதான். எங்கும் விழாமலே முழங்காலுக்குக் கீழே நீலத் தழும்புகள் கண்டன. நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் சத்துக் குறைவு என்று சொல்லி மூன்று கிழமைக்குப் பாணி மருந்து தந்தார்கள். பிறகு முரசில் இரத்தம் கசிந்தபோது, டெங்கு என்று பயந்து மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். குருதிப் பரிசோதனையைப் பார்த்த வைத்தியர் அன்றே எங்களை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையில் என்புமச்சையை எடுத்துப் பார்த்து, பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோய் என்றும் அதற்கு ஏ.எல்.எல். என்று பெயர் என்றும் சொன்னார்கள்.

மனைவி அவனோடு விடுதியில் நிற்கிறார். நான் சிறுபோக அறுவடையோடும் மகளோடும் ஊரில் நிற்கிறேன். கிழமைக்கு ஒரு தடவை மாங்குளத்தில் இரவுப் பேருந்து ஏறி, விடிய மகரகமவில் இறங்கி, பார்வையாளர் நேரத்தில் அவனைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்புகிறேன். நாலு கிழமைச் சிகிச்சை முடிந்து மறுபடி என்புமச்சை பார்த்ததில் நோய்க் கலங்கள் தெரியவில்லையாம். அடுத்த கட்டச் சிகிச்சைக்கு முன் சில நாட்கள் வீட்டுக்கு விடப்போவதாகவும், மொத்தச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது என் சிக்கல்கள். எனது மூத்த அண்ணர், “வருத்தம் போய்விட்டது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், பிறகு ஏன் இன்னும் இரண்டு வருடத்துக்குப் பிள்ளையின் உடம்பில் நஞ்சு ஏற்றுகிறாய்? இங்கே கொண்டு வந்து நல்ல சாப்பாடு கொடு” என்கிறார். அவர் கெட்ட மனிதர் அல்லர். முதற்செலவுக்குத் தமது இரண்டு மாடுகளை விற்றுத் தந்தவர். அவருக்கு மறுமொழி சொல்ல என்னிடம் சொல் இல்லை.

மற்றையது மகள். அவளுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. தம்பியின் தலைமயிர் உதிர்ந்த படத்தை மனைவியின் தொலைபேசியில் அவள் பார்த்துவிட்டாள். அது வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தி என்று அம்மம்மா சொல்லிவிட்டார். ஊருக்கும் அதையே சொல்லியிருக்கிறார். பரீட்சை முடியும் வரைக்குமாவது இந்தக் கதை நிற்கட்டும் என்று நானும் இருந்தேன். ஆனால் சென்ற கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, “உன்ர தம்பிக்கு வந்த வருத்தம் உனக்கும் வரும்” என்று சொல்லியிருக்கிறாள். மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தன் கோப்பையைத் தனியாகக் கழுவித் தனியாக வைக்கிறாள். அதைக் கண்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

வீட்டையும் எப்படி வைத்திருப்பது என்று தெரியவில்லை. கிணறு, மாட்டுக்கொட்டில், அறுவடைத் தூசு, வருகிற சனம் எல்லாம் இருக்கிற வீடு இது. 2009இல் மாத்தளனில் பதுங்குகுழிக்குள் இருந்த நேரத்தில்கூட அடுத்ததாக என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. இப்போது பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்கலாமா என்பதுகூடத் தெரியாமல் நிற்கிறேன். இந்த வழியால் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

விசுவமடு அம்மா எழுதியது:

தம்பி, என் மகளுக்கு இதே வருத்தம் வந்தபோது அவளுக்கு நாலு வயது. இப்போது க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள். கணக்குப் பாடத்தைத் தவிர அவளைப் பற்றி எனக்கு இப்போது வேறு கவலை இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் நீங்கள் மிகுதியை நிதானமாக வாசிப்பீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வருகிற நாளுக்கு முன் நீங்கள் ஆயத்தப்படுத்த வேண்டியது வீட்டை அல்ல, காய்ச்சல் வருகிற இரவை. வீடு கூட்டுவதும் கழுவுவதும் எல்லாருக்கும் தெரியும். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையின் நெற்றி சுட்டால் யாருடைய வாகனம், எந்த வைத்தியசாலை, கையில் எந்தக் காகிதம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதவர்கள்தான் இடறுகிறார்கள். நான் இடறினேன். முதல் தடவை வீட்டுக்கு வந்த நாலாம் நாள் இரவு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் அரைக் குளிசை பனடோல் கரைத்துக் கொடுத்தேன், சூடு இறங்கிவிட்டது, விடியட்டும் என்று படுத்துவிட்டேன். விடியும்போது பிள்ளை துவண்டுபோய்க் கண் திறக்காமல் கிடந்தாள். பனடோல் சூட்டை இறக்கியதே தவிர உள்ளே ஓடிய கிருமியை ஒன்றும் செய்யவில்லை. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு நாள் கிடந்து மீண்டாள். அந்த இரவை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தவை இவை. வெப்பமானி இரண்டு வாங்கினேன், ஒன்று உடைந்தால் மற்றது வேண்டும். நோய்விபரக் கடிதத்தின் பிரதி, கடைசிக் குருதி அறிக்கை, மருந்து அட்டை ஆகிய மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாற்றுடுப்போடு ஒரு பையில் கட்டிக் கதவடியில் தொங்கவிட்டேன். அயலில் முச்சக்கரவண்டி வைத்திருந்த ஒருவரிடம், எந்த நேரம் கூப்பிட்டாலும் வரவேண்டும் என்று பேசி, மாதா மாதம் ஒரு சிறு தொகையை முன்பணமாகவே கொடுத்து வைத்தேன். உங்களுக்கு மாஞ்சோலை கிட்டவா, மாங்குளம் கிட்டவா என்பதைப் பகலில் ஒரு தடவை ஓடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். போகிற வழியிலேயே மகரகம விடுதிக்கு அழைத்து, எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மனைவிக்குச் சிங்களம் தெரியாது என்று நினைக்கிறேன், எனக்கும் தெரியாது. விடுதியில் இரண்டாம் நாளே ஒரு அப்பியாசக் கொப்பியில் சொற்களை எழுதத் தொடங்கினேன். உண என்றால் காய்ச்சல், லே என்றால் இரத்தம், பெஹெத் என்றால் மருந்து. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் குருநாகல் பக்கத்துத் தாய் ஒருவர் மகனோடு இருந்தார். நான் அவருக்குத் தமிழ்ச் சொல் கொடுக்க, அவர் எனக்குச் சிங்களச் சொல் கொடுப்பார். எங்கள் இருவரின் பிள்ளைகளும் ஒரே நாளில் மொட்டையானார்கள்.

சனம் வருவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வராமல் இருக்கமாட்டார்கள். வரவேண்டாம் என்றால் கோபிப்பார்கள். அப்பிளும் நெஸ்டமோல்ட்டும் வாங்கிக்கொண்டு, இருமிக்கொண்டே வருவார்கள். என் மாமியார்தான் இதற்கு வழி கண்டார். படலையில் வேப்பிலை கட்டிவிட்டார். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வரக்கூடாது என்பது நம் சனத்துக்குப் பிறப்பிலேயே தெரியும். யாருக்கு அம்மாள் வந்திருக்கிறது என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டார்கள். அம்மாள் வராமல் இருக்கத்தான் கட்டியிருக்கிறோம் என்று அவர் சொல்ல, ஒருவரும் கோபிக்கவில்லை. அப்பிளை வேலிக்கு மேலால் தந்துவிட்டுப் போனார்கள்.

வேலவன் எழுதியது:

அண்ணா, குருதிச் சிறுதட்டுகள் குறைந்தால் பப்பாசி இலைச் சாறு கொடுங்கள். எங்கள் அயலில் ஒருவருக்கு டெங்கு வந்தபோது அதில்தான் ஏறியது.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

நான் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சிறுவர் விடுதிகளில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவள். வேலவன் அன்பினால் சொல்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் தயவுசெய்து அதைக் கொடுக்கவேண்டாம். டெங்குவில் சிறுதட்டுகள் சில நாட்களில் தாமாகவே ஏறிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். இந்தப் பிள்ளையின் ஈரல் ஏற்கெனவே கடுமையான மருந்துகளைக் கையாண்டுகொண்டிருக்கிறது. வைத்தியருக்குத் தெரியாமல் எந்தச் சாறும், எந்தக் கசாயமும், எந்த விற்றமின் குளிசையும் கொடுக்கக்கூடாது. நோவுக்கு அஸ்பிரின், புரூபன் போன்றவையும் கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

உங்கள் அண்ணரின் கேள்விதான் இந்த நோயில் மிகவும் ஆபத்தான கேள்வி. அதற்கு விரிவாக எழுதுகிறேன். அவரும் விவசாயி என்றால், வயலில் கோரை வந்ததை நினைக்கச் சொல்லுங்கள். மேலே தெரிகிற புல்லை எல்லாம் பிடுங்கிவிட்டால் வயல் துப்புரவாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதை யார் காண்கிறார்கள்? அடுத்த மழைக்கு அது முன்னையிலும் அடர்த்தியாக வரும். நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் இப்படியான ஒரு பிள்ளையின் உடலில் ஒரு இலட்சம் கோடி அளவில் நோய்க்கலங்கள் இருக்கும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். நாலு கிழமைக்குப் பிறகு நுணுக்குக்காட்டியில் தெரியவில்லை என்கிற நிலையில்கூட, ஆயிரம் கோடி வரையான கலங்கள் தெரியாமல் மறைந்திருக்கக்கூடும். “தெரியவில்லை” என்று வைத்தியர் சொல்வதும் “போய்விட்டது” என்று அண்ணர் சொல்வதும் ஒன்றல்ல. இந்தக் கலங்கள் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த நீரிலும் ஒளிந்துகொள்ளும். நாளத்தால் ஏற்றும் மருந்துகளிற் பல அங்கே போதியளவு போவதில்லை. முதுகில் ஊசி போட்டு மருந்து செலுத்துவது அதற்காகவே.

இது யாரோ பயமுறுத்தச் சொல்கிற கதையும் அல்ல. 1948இல் அமெரிக்காவின் பொஸ்டனில் சிட்னி ஃபாபர் என்ற வைத்தியர், இன்று உங்கள் மகனுக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டுக்கு உறவான ஒரு மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். சாகக் கிடந்த பிள்ளைகள் எழும்பி விளையாடினார்கள். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளைகள் இறந்தார்கள். 1960களில் மெம்பிஸ் நகரில் டொனால்ட் பிங்கல் என்பவரும் அவருடைய குழுவினரும், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளைப் பகுதிக்கும் சிகிச்சை அளித்து, பிள்ளை சுகமாகத் தெரிந்த பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்தைத் தொடர்ந்தார்கள். அப்போதுதான் ஏறத்தாழ அரைவாசிப் பிள்ளைகள் உண்மையாகவே குணமடையத் தொடங்கினார்கள். இன்று வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைகிறார்கள் என்றும், வருமானம் குறைந்த நாடுகளிற் பலவற்றில் அது 30 சதவீதத்துக்கும் குறைவு என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வித்தியாசத்துக்கு அது கூறும் காரணங்களில் ஒன்று, சிகிச்சையை இடையில் விட்டுவிடுவது. அண்ணர் தமது மாடுகளை விற்றது முதல் மாதத்துக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.

இனி வீட்டு விடயங்கள். 100.4 பாகை பரனைட், அதாவது 38 பாகை செல்சியஸ் ஆகிவிட்டால் அது அவசரநிலை. விசுவமடு அம்மா எழுதியதை மறுபடி வாசியுங்கள். வைத்தியசாலைக்குள் போனதும், “இவர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, வெண்குழியங்கள் குறைந்திருக்கலாம்” என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அப்படியான பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் நாளத்தால் நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற வேண்டும். வெளிநோயாளர் வரிசையில் துண்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். காய்ச்சல் இல்லாமல் நடுக்கம் மட்டும் கண்டாலும் அப்படியே செய்யுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கொடுக்கலாம். எருமைத் தயிர், காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, வெளியில் வெட்டி வைத்த பழம் ஆகியவை வேண்டாம். நீங்கள் குறிப்பிடாத ஒன்றைச் சொல்கிறேன்: வைக்கோல். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை உதறும்போது கிளம்பும் தூசு, வெண்குழியம் குறைந்த பிள்ளையின் நுரையீரலுக்கு மிகவும் கெட்டது. வைக்கோற் போரும் மாட்டுக்கொட்டிலும் அவனுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். சூடடிக்கிற நாளில் அவன் வேறு வீட்டில் நிற்பது நல்லது. வயலால் வந்ததும் கிணற்றடியில் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகே அவனைத் தூக்குங்கள். பகலிலும் நுளம்புவலைக்குள் படுக்கட்டும். இந்த நிலையில் டெங்கு வந்தால் எல்லாருக்கும் பெரிய சோதனை.

கொப்பளிப்பான் வந்த பிள்ளையோடு அவனோ மகளோ ஒரே அறையில் இருந்தார்கள் என்று தெரிந்தால், கொப்புளம் தெரியும் வரை காத்திராமல் அன்றே விடுதிக்கு அறிவியுங்கள். சிகிச்சை முடியும் வரை அவனுக்கு உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது. வீட்டிலுள்ள எந்தப் பிள்ளைக்கும் போலியோச் சொட்டு மருந்து கொடுக்குமுன் குடும்பநல உத்தியோகத்தரிடம் இவனைப் பற்றிச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இப்போதே எழுதி வைக்கவேண்டியது. பிற்காலத்தில் வீட்டில் வைத்துக் கொடுக்கும் குளிசைகளில் ஒன்று நாள்தோறும் கொடுக்கவேண்டியது. மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் கொடுக்கவேண்டியது. இரண்டும் சிறிய குளிசைகள்தான். மாறி, மெதோட்ரெக்சேட்டை நாள்தோறும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அது கிழமையில் எந்த நாள் என்று தீர்மானித்து, கலண்டரில் அந்த நாட்களை எல்லாம் சிவப்பால் வட்டமிடுங்கள். கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

சிகிச்சையின் சில பகுதிகளையாவது தெல்லிப்பழையிலுள்ள புற்றுநோய்ப் பிரிவிலோ, கிட்டிய பொது வைத்தியசாலையிலோ செய்ய இயலுமா என்று மகரகம வைத்தியரிடமே கேளுங்கள். சில குருதிப் பரிசோதனைகளுக்காக அவ்வளவு தூரம் ஓடவேண்டி இராது. நீங்களாக இடம் மாற்றிவிடாதீர்கள்.

கச்சேரிப் பக்கம் எழுதியது:

சுருக்கமாக. பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்தித்து, புற்றுநோயாளருக்கான மாதாந்த உதவிக் கொடுப்பனவு பற்றிக் கேளுங்கள். தொகை சிறிது, பேருந்துக் காசுக்கு உதவும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்னர் கொழும்புக்குப் போகவேண்டும். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் வைத்தியரின் நோய்விபரத்தையும் ஒன்றுக்கு மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நுண்கடன் நிறுவனத்தார் வாசலுக்கு வருவார்கள். அறுவடைப் பணம் கைக்கு வரும் முன் எதிலும் கையொப்பம் இடாதீர்கள்.

பாலைமர நிழல் எழுதியது:

உங்கள் மகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் அந்த மகளாக இருந்திருக்கிறேன். இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2003இல், போர்நிறுத்தத்தால் வன்னியிலிருந்து தெற்கே போகும் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், என் தம்பியை மகரகமவுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அவர்கள் புறப்பட்ட நாளுக்கு முதல் நாள், சிறிய சைக்கிளில் யார் முதலில் ஏறுவது என்பதில் எனக்கும் அவனுக்கும் சண்டை வந்தது. நான் அவனைத் தள்ளிவிட்டு, “நீ செத்துப் போ” என்று சொன்னேன். அவன் விழுந்த இடத்தில் காலில் நீலமாகக் கண்டிப்போனது. மறுநாள் வீட்டில் அம்மாவும் இல்லை, தம்பியும் இல்லை. எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை; “அவன் சின்ன வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போயிருக்கிறான், நீ படி” என்றார்கள். பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருப்பார்கள், நான் போனதும் கதை நின்றுவிடும். அவர்கள் நிறுத்துகிற இடத்திலிருந்து மிகுதியை நானே கட்டிக்கொண்டேன். தள்ளியதால்தான் வருத்தம் வந்தது, சொன்னதால்தான் அது பலித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பினேன். 2006இல் அவனுக்கு நோய் திரும்பியது; அந்த ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டது; ஆண்டு முடிவதற்குள் அவன் இல்லை. இந்தச் சைக்கிள் கதையை நான் முதன்முதலாக அம்மாவிடம் சொன்னபோது எனக்கு வயது பதினேழு. அவர் அழவில்லை. “இதைச் சுமந்துகொண்டா இவ்வளவு நாளும் திரிந்தாய்?” என்று மட்டும் கேட்டார்.

உங்கள் மகனின் காலம் வேறு, பாதை வேறு, மருந்தும் வேறு. தாதி அம்மா எழுதியதைப் படித்தால் அது விளங்கும். நான் சொல்ல வந்தது என் தம்பியைப் பற்றி அல்ல. உங்கள் மகள் கோப்பையைத் தனியாகக் கழுவி வைப்பதை வாசித்ததும் எனக்கு உடனே விளங்கியது. அவள் ஒன்றும் அறியாமல் இல்லை; அரைகுறையாக அறிந்திருக்கிறாள், மிகுதியைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறாள். தனக்குத் தொற்றிவிடும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கலாம். தன்னிடமிருந்துதான் தம்பிக்குப் போனதோ என்ற பயம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். கோப்பையைத் தனியாக வைப்பது இந்த இரண்டில் எதற்காக என்று நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

பரீட்சை முடியட்டும் என்று நினைக்கிறீர்கள். இந்தப் பயத்தோடு அவள் வினாத்தாளில் எதை வாசிப்பாள்? நான் இப்போது ஆசிரியையாக இருக்கிறேன்; ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளோடுதான் என் பகல் போகிறது. வீட்டில் ஒளிக்கப்படுகிற விடயம் உள்ள பிள்ளையின் கையெழுத்திலேயே அது தெரியும். நோயின் பெயரை அவளிடம் சொல்லுங்கள். புற்றுநோய் என்ற சொல்லை உங்கள் வாயால் அவள் கேட்டால், அது வகுப்புப் பிள்ளையின் வாயால் கேட்பதைவிடச் சிறியதாக இருக்கும். இது தொற்றாது என்பதையும், யாருடைய சண்டையாலோ கண்ணூறாலோ சாப்பாட்டாலோ வந்ததல்ல என்பதையும் அவள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தம்பி பிழைப்பானா என்று கேட்டால், பிழைப்பதற்கான மருந்தைத்தான் கொடுக்கிறார்கள், பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள், அப்பாவுக்கும் பயம் இருக்கிறது என்று சொல்லுங்கள். “ஒன்றும் நடக்காது” என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்த வாக்கு உங்கள் கையில் இல்லை. பிறகு, அம்மா மகரகமவில் நிற்கிற நாட்களில் தனக்கு யார் தலை பின்னிவிடுவார், யார் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவார் என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிள்ளைகள் அதைக் கேட்க வெட்கப்படுவார்கள்; ஆனால் மனதுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மம்மாவின் நேர்த்திக் கதையை அவர் முன்னிலையில் பொய் என்று உடைக்கவேண்டாம். அவர் நேர்த்தி வைத்ததும் உண்மைதானே. மயிர் கொட்டியது மருந்தால், அது மறுபடி வளரும், வளர்ந்த பிறகு அம்மனிடம் போவோம் என்று சேர்த்துச் சொல்லலாம். மகளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். எனக்கு யாரும் வேலை தரவில்லை; “நீ படி” என்றார்கள்.

ஓய்வுபெற்ற தாதி மீண்டும் எழுதியது:

பாலைமர நிழல் எழுதியதற்கு மேல் ஒன்று மட்டும். உறவினருக்கும் வேலை கொடுக்கலாம். இந்தச் சிகிச்சையில் பிள்ளைகளுக்குக் குருதியும் சிறுதட்டுகளும் அடிக்கடி தேவைப்படும். சிறுதட்டுகளை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஆகையால் இரத்த வங்கிக்குக் கொடையாளர்கள் ஓயாமல் வேண்டும். 18 முதல் 60 வயதுக்குள், 50 கிலோவுக்குக் குறையாத, நோயற்ற எவரும் நாலு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். அண்ணரின் மகன்மார் அப்பிள் வாங்குகிற காசுக்கு வைத்தியசாலை இரத்த வங்கிக்குப் பேருந்து ஏறட்டும்.

குளக்கட்டான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அண்ணருக்குத் தாதி அம்மா எழுதியதை வாசித்துக் காட்டினேன். கோரைக்கிழங்கு என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு எதுவும் பேசாமல் எழும்பிப் போய், அன்று பின்னேரமே வைக்கோற் போரைப் பிரித்துத் தமது வளவுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார். இரத்தம் கொடுக்கத் தமக்கு வயது கடந்துவிட்டதா என்றும் கேட்டார். ஐம்பத்தெட்டுத்தான்.

மகளை நேற்றுப் பின்னேரம் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொல்ல நினைத்ததை எல்லாம் வழியில் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தும், அங்கே போனதும் வாய் வரவில்லை. தம்பிக்குப் புற்றுநோய் என்று மட்டும் சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, “எனக்குத் தெரியும் அப்பா” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “நேர்த்தி என்றால் கோயிலில்தானே முடி இறக்குவார்கள்? மகரகமவில் ஏன் இறக்க வேண்டும்?” என்றாள். கோப்பையைப் பற்றிக் கேட்டேன். போன மாசியில் தனக்குச் சளி பிடித்திருந்தபோது தம்பி தன் கோப்பையில் தேநீர் குடித்தானாம். அதனால் வந்திருக்குமோ என்று நினைத்தாளாம். பாலைமர நிழல் தங்கச்சி, நீங்கள் எழுதியிராவிட்டால் நான் இதைக் கேட்டிருக்கமாட்டேன். இருட்டும் வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தோம்.

மகன் வருகிற புதன்கிழமை வருகிறான். மாங்குளத்திலிருந்து ஏற்றிவர முச்சக்கரவண்டி பேசிவிட்டேன். அதே தம்பிதான் இரவு அழைப்புக்கும். படலைக்கு வேப்பிலை அம்மம்மாவின் பொறுப்பு. வெப்பமானி இரண்டு வாங்கினேன். ஒன்று கதவடிப் பையில் இருக்கிறது, மற்றது மகளின் பொறுப்பில் இருக்கிறது. காலையும் மாலையும் அளந்து, நேரமும் அளவும் போட்டு எழுதுவதற்குச் சதுரக்கோட்டுக் கொப்பியில் கோடு அடித்து வைத்திருக்கிறாள். தம்பி வரும் வரைக்கும் பழக வேண்டும் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். நேற்றிரவு 8.10க்கு எனக்கு 98.2 என்று முதல் வரியில் எழுதியிருக்கிறாள்.